யோகோஹாமா கடிதமும் நம் பிள்ளைகளின் ஜப்பான் பயணமும்

நம் பிள்ளைகள் ஜப்பானுக்குப் போய்வருவது இப்போது புதுமை அல்ல. வேலைக்குப் போகிறவர்களைச் சொல்லவில்லை. பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும்போதே குழுவாகச் சேர்ந்து, ஒரு வாரம் பத்து நாள் அந்த நாட்டின் வாழ்க்கை முறையைப் பார்த்துவரப் போகிறவர்களைச் சொல்கிறேன். ஜப்பான் 2007-இல் தொடங்கிய ‘ஜெனிசிஸ்’ என்ற இளைஞர் பரிமாற்றத் திட்டமும், 2014-இல் தொடங்கிய ‘சகுரா சயின்ஸ்’ திட்டமும் இதற்கு வழி திறந்துவிட்டன. செலவைப் பெரும்பாலும் அழைக்கிறவர்களே ஏற்கிறார்கள். பொதுவாகப் பள்ளி, பல்கலைக்கழகம், அரசுத் துறை ஆகியவற்றின் வழியாகத்தான் மாணவர்களின் பெயர் போகிறது.

“பத்து நாளில் பிள்ளை என்ன கற்றுக்கொண்டு வந்துவிடப் போகிறது?” என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கோயிலைப் பார்த்து, புல்லட் ரயிலில் ஏறி, படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அது உல்லாசப் பயணம். அங்கே கற்க வேண்டியது எது என்பதை ஒருவர் 1893-லேயே நம்மவர்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்.

சுவாமிஜியின் கடிதம்

1892 டிசம்பரில் விவேகானந்தர் திருவனந்தபுரம் வந்தார். அவர் தங்கியது ஒரு தமிழர் வீட்டில். திருவிதாங்கூர் இளவரசருக்கு ஆசிரியராக இருந்த பேராசிரியர் சுந்தரராம ஐயர்தான் அந்த வீட்டுக்காரர். ‘மனோன்மணீயம்’ எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளையையும் சுவாமிஜி இந்த ஊரில்தான் சந்தித்தார். இங்கிருந்து கன்னியாகுமரி போனார். அடுத்த ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறி, அமெரிக்கா போகும் வழியில் ஜப்பானில் இறங்கினார். நாகசாகி, கோபே, ஒசாகா, கியோட்டோ, டோக்கியோ எல்லாம் பார்த்துவிட்டு, 1893 ஜூலை 10 அன்று யோகோஹாமாவிலிருந்து சென்னை நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அளசிங்கப் பெருமாளும் அவர் தோழர்களும்தான் அந்த நண்பர்கள்.

அந்தக் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஜப்பானியரின் துப்புரவைச் சுவாமிஜி வியக்கிறார். நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் கூட்டமாக ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போய்வர வேண்டும் என்கிறார். கூடவே ஒரு சாட்டையடியும் உண்டு. எந்தச் சாப்பாட்டைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வாதாடியே பல நூறு ஆண்டுகளைக் கழித்துவிட்டோமே என்று நம்மைக் கடிந்துகொள்கிறார். துப்புரவையும் தீண்டாமையையும் ஒரே மூச்சில் பேசியதுதான் அந்தக் கடிதத்தின் சிறப்பு. மாணவர் பயணம் என்ற யோசனை பிறந்ததும் அங்கேதான்.

இந்த ஊரிலிருந்து ஒரு மாணவர் அப்படியே போகவும் செய்தார். திருவனந்தபுரத்துக்காரரான ஏ.எம். நாயர் 1928-இல் கியோட்டோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் சிவில் என்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்தார். பிறகு ராஷ் பிஹாரி போஸுடன் சேர்ந்து விடுதலைப் பணியில் இறங்கினார். போர் முடிந்தபின் அங்கேயே தங்கி, 1949-இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தார். அவருக்குப் பின் மகனும் பேரனும் அதை நடத்தினார்கள். பாலம் கட்டப் படிக்கப் போனவர் இரண்டு நாடுகளுக்கும் நடுவே தாமே ஒரு பாலமாகிவிட்டார்.

வகுப்பறையில் துடைப்பம்

இன்று போகும் மாணவர் குழுக்கள் டோக்கியோவில் ஓரிரு நாள் இருந்துவிட்டு வேறொரு மாவட்டத்துக்குப் போவது வழக்கம். அங்கே ஒரு பள்ளியில் ஒரு நாள், பல பயணங்களில் ஒரு குடும்பத்தோடு ஓர் இரவு. திரும்பி வந்த பிள்ளைகள் சிலரோடு பேசியிருக்கிறேன். கட்டடத்தைவிட அந்தப் பள்ளி நாளைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் பேசுகிறார்கள்.

பள்ளி வாசலிலேயே செருப்பு அடுக்கும் அலமாரி. வெளியே போட்டுவந்த ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போடும் மெல்லிய செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். மதியச் சாப்பாட்டை முறைவைத்துப் பிள்ளைகளே பரிமாறுவார்கள். தலைக்குத் தொப்பி, வெள்ளை மேலங்கி, வாய்க்கு முகமூடி. ஆசிரியரும் அந்த வகுப்பறையிலேயே அதே சாப்பாட்டைச் சாப்பிடுவார். ஏழைப் பிள்ளைகளுக்காக 1889-இல் யமகாட்டா மாவட்டத்தில் ஒரு கோயில் பள்ளியில் தொடங்கிய இந்தப் பழக்கத்துக்கு 1954-இல் தனிச் சட்டமே வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1956-இல், காமராஜர் நம் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார் என்பதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

சாப்பாடு முடிந்தபின்னோ வகுப்புகள் முடிந்தபின்னோ துப்புரவு நேரம். பதினைந்து இருபது நிமிடம். பெஞ்சுகளை ஒதுக்கிப் பெருக்கி, ஈரத்துணியால் தரையைத் துடைப்பார்கள். நடை, மாடிப்படி, பல பள்ளிகளில் கழிப்பறை வரை பிள்ளைகள் பொறுப்பு. குழு குழுவாகப் பிரித்து, முறைமாற்றி வேலை வரும். வங்கி மேலாளர் மகனுக்கும் மீன்காரர் மகளுக்கும் ஒரே பட்டியல். ஆசிரியரும் கூட நிற்பார். இதைத் தண்டனை என்றோ சேவை என்றோ அவர்கள் சொல்வதில்லை. கணக்கு வகுப்பு மாதிரி இதுவும் பள்ளி நாளின் ஒரு பகுதி. எகிப்து நாட்டில் 2018-இல் ஜப்பானிய முறைப் பள்ளிகள் திறந்தபோதும் இந்தத் துப்புரவு அங்கே பாடத்திட்டத்தோடு போய்ச் சேர்ந்தது.

ரயில்காரன் கண்ணில்

ரயில்வேயில் வேலை பார்த்தவனிடம் ஜப்பான் என்றால் வேகத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 515 கிலோமீட்டர் பாதையில் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஷின்கான்சென் ஓடத் தொடங்கியது. அன்று முதல் ஷின்கான்சென் வண்டி மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. என் மனசுக்கு அந்த 210-ஐவிட இதுதான் பெரிய எண்.

இது எப்படி வந்தது? இரவு 12 மணி முதல் காலை 6 வரை பயணிகள் வண்டி கிடையாது. அந்த ஆறு மணி நேரம் பாதைக்காரர்களுடையது. காலையில் முதல் வண்டி கிளம்புமுன் சோதனை வண்டி ஒன்று ஓடிப் பாதையைப் பார்த்துவிடும். வண்டி ஓட்டுபவர் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்வார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சுட்டிச் சொல்வதால் எளிய வேலைகளில் தவறு ஏறக்குறைய 85 சதவீதம் குறைகிறது என்று அந்நாட்டு ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் கண்டது. நம் வண்டிகளிலும் லோகோ பைலட்டும் உதவியாளரும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வது விதிதான்.

டோக்கியோ நிலையத்தில் வடக்கே போகும் ஷின்கான்சென் 12 நிமிடம்தான் நிற்கிறது. இறங்க 2 நிமிடம், ஏற 3 நிமிடம். மீதி 7 நிமிடத்தில் ஊழியர்கள் பெட்டி முழுவதையும் சுத்தம் செய்துவிட்டு, நடைமேடையில் வரிசையாக நின்று பயணிகளை வணங்கி வழியனுப்புகிறார்கள். இதைப் பார்க்கவே வெளிநாட்டார் நிற்கிறார்கள்.

நம் பெட்டிகளில் உயிரிக் கழிப்பறைகள் வருமுன் கழிவெல்லாம் பாதையில்தான் விழுந்தது. தண்டவாளமும் அதைப் பிடிக்கும் கொக்கிகளும் எவ்வளவு துருப்பிடித்தன என்பதற்கு ஏடுகளில் கணக்கு உண்டு. நிலையத்தில் அதைக் கூட்டி அள்ளியவர்கள் எந்தச் சமூகம் என்று யாரும் ஏட்டில் எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யார் கையில் துடைப்பம்?

“நாங்கள் படித்தபோது வகுப்பைப் பெருக்கவில்லையா?” என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். பெருக்கினோம். ஆனால் துடைப்பம் யார் கையில் போனது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. தாழ்த்தப்பட்ட குடும்பப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்துக் கழிப்பறை கழுவச் சொன்னதாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் பற்றியே எத்தனையோ முறை நாளிதழ்களில் செய்தி வந்திருக்கிறது. “ஜப்பானில் பார்த்தோம், இங்கும் பிள்ளைகள் கழுவட்டும்” என்று உத்தரவு போட்டால் அது மறுபடியும் அதே பிள்ளைகள் தலையில்தான் விடியும்.

நாம் வாழும் இந்த மண்ணுக்கு இது நன்றாகத் தெரியும். வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்கப் போனபோது அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். ஒரு குழந்தை பெஞ்சில் உட்கார்ந்ததற்காக! இந்தக் கதை நடந்த இடம் நம் நகரத்திலிருந்து சிறிது தூரம்தான்.

ஜப்பானியர் மட்டும் பிறவியிலேயே சமத்துவம் கண்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். செத்த மாட்டை எடுத்தவர், தோல் பதனிட்டவர் என்று ஒரு கூட்டத்தாரை அவர்களும் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1871-இல் சட்டம் போட்டு அந்தப் பிரிவினையை நீக்கினார்கள். அப்படியும் ஒழியாமல், அந்த மக்களே 1922-இல் கியோட்டோவில் கூடி உரிமைக்குச் சங்கம் வைக்க வேண்டியிருந்தது. பெண் கொடுப்பதிலும் வேலை கொடுப்பதிலும் அந்த வேற்றுமை அதற்குப் பிறகும் நீடித்தது. துடைப்பம் மட்டும் எல்லாவற்றையும் மாற்றிவிடாது. ஆனாலும் எல்லோர் கையிலும் அது ஒரு முறையாவது வரும்போது, அதைப் பிடிப்பவரை இழிவாகப் பார்க்கும் கண் கொஞ்சம் கூசும்.

வீட்டுக்குள்ளும் இந்தக் கேள்வி உண்டு. எங்கள் உறவில் ஒரு பையன் ஜப்பான் போய்வந்த மறுவாரம் தன் அறையைத் தானே பெருக்கத் தொடங்கினான். பாட்டி பதறிப்போய் வாரியலைப் பிடுங்கிக்கொண்டார். “ஆம்பிளப் பிள்ள செய்யக்கூடிய வேலையாடா இது? வேலைக்காரி வருவாள்லா” என்றார். துடைப்பம் என்றாலும், நாஞ்சில் நாட்டு வாரியல் என்றாலும், மலையாளத்துச் சூல் என்றாலும் அது நம் வீடுகளில் பெண்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் என்று எழுதிவைத்த பொருளாகவே இருக்கிறது. பத்து நாளில் கற்ற பாடத்தை வீட்டில் ஒரே நிமிடத்தில் அழித்துவிட முடிகிறது.

போகும் பிள்ளைகளுக்கு

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிய வாக்கியம் நம் வாக்கியம்போலவே நடக்கும். “வத்தாஷி வா கக்கோ நி இகிமஸ்” என்றால், ‘நான் – பள்ளி – க்கு – போகிறேன்’. வேற்றுமை உருபு பின்னால், வினை கடைசியில். பேராசிரியர் சுசுமு ஓனோ இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று வாதிட்டார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு உழைத்தார்கள். மொழியியலார் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. ஆனால் வாக்கிய ஒழுங்கு ஒத்திருப்பது கற்பவருக்குக் கைகொடுக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே விவரமாகச் சொல்லிவிட வேண்டும். காய்கறி சூப்பிலும் மீன் சாறு சேர்ந்திருக்கும். குளியல் தொட்டியில் இறங்குமுன் வெளியிலேயே சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். அந்த வெந்நீர் வீட்டார் எல்லோருக்கும் பொது. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக்கூடாது. அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. தெருவில் குப்பைத்தொட்டி அரிது. உங்கள் குப்பை உங்கள் பையில்.

“உங்கள் பண்பாட்டைக் காட்டுங்கள்” என்று அங்கே கேட்பார்கள். சினிமாப் பாட்டுக்கு ஆடிக் காட்டுவதோடு நிற்க வேண்டாம். கோலம் போட்டுக் காட்டுங்கள். ஜப்பானியரும் வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் தண்ணீர் தெளிப்பார்கள். ‘உச்சிமிசு’ என்று அதற்குப் பெயர். பெருக்கி, தெளித்து, கோலமிடும் வாசலைச் சொன்னால் அவர்களுக்கு உடனே புரியும். பையன்களும் போடுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஜெனிசிஸ் பயணத்தின் முடிவில், ஊருக்குப் போய் என்ன செய்யப் போகிறோம் என்று ஒவ்வொரு குழுவும் திட்டம் எழுதிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஆர்வமாகத்தான் எழுதுகிறார்கள். வந்தபின் அதைக் கேட்க யாரும் இல்லை. நம் சங்கம் கேட்கலாம். போய்வந்த பிள்ளைகளை மேடையேற்றிச் சால்வை போர்த்துவதோடு முடிக்காமல், அவர்கள் எழுதிய திட்டத்தை வாசிக்கச் சொல்லலாம்.

இன்னொன்றும் செய்யலாம். பொங்கல் விழா முடிந்ததும் எச்சில் இலையையும் காகிதத் தம்ளரையும் விட்டுவிட்டு நாம் கிளம்பிவிடுகிறோம். கூலிக்கு வந்த இரண்டு பேர் நள்ளிரவு வரை பெருக்குகிறார்கள். வரும் பொங்கலிலிருந்து பதினைந்து நிமிடம் எல்லோரும் இருந்து மண்டபத்தைப் பெருக்கிவிட்டுப் போவோம். அந்த இருவருக்கும் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்து, நம்மோடு பந்தியில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வோம். பெயர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்போம். கழிப்பறைக்கான முதல் சீட்டு மட்டும் குலுக்காமலே செயற்குழுவினருக்குப் போகட்டும்.