மௌனம் க்ஷேமத்துக்கு அத்தாட்சியன்று

டெலிபோன், பாங்கு, ஆஸ்பத்திரி, ரயில்வே முதலிய சகல ஸ்தாபனங்களும் இன்று கம்ப்யூட்டர் வலையமைப்பை நம்பியே நடைபெறுகின்றன. அவ்வலையில் எங்கேனும் பழுது நேரின் எச்சரிக்கை எழுப்புவதற்கென்று கண்காணிப்பு ஏற்பாடுகள் உண்டு. இத்தொழிலில் நம் சென்னைக்குத் தனி ஸ்தானமுண்டு. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தோன்றி, 2009-ல் ஸோஹோ எனப் பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி, ஆதியில் வலையமைப்பு நிர்வாகத்துக்குரிய சாப்ட்வேரையே செய்து விற்றது. அடையாறை அடுத்துள்ள ஐ.ஐ.டி.யில் டெநெட் குழுவினரின் ஆதரவில் பிறந்த என்.எம்.எஸ். வொர்க்ஸும் இத்துறையைச் சார்ந்ததே.

இப்பொழுது ஒரு மாறுதல் நேர்ந்து வருகிறது. இரவெல்லாம் கண்விழித்து மனிதர் பார்த்துவந்த எச்சரிக்கைப் பட்டியலைத் தேடிப் பார்க்கும் வேலை, ஏ.ஐ. ஏஜெண்டு என்னும் இயந்திரக் காரியஸ்தரிடம் ஒப்புவிக்கப்படுகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் முறைப்படி, அதனிடம் கொடுக்கப்படும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், ஒரு விளக்கமும், கேட்கவேண்டிய விவரங்களின் அமைப்பும் உண்டு. அவ்விளக்கத்தை வாசித்தே ஏஜெண்டு கருவியைக் கையாளுகிறது. பக்கத்து நாற்காலியிலிருந்து புத்தி சொல்ல ஒரு மூத்த குமாஸ்தா அதற்கில்லை. எழுதிவைத்த விளக்கமே அதற்குச் சட்டப் புத்தகம்.

அவ்விளக்கத்தில் முதற்கண் எழுதப்படவேண்டியது ஒன்றுண்டென்பது நமது துணிபு. “எச்சரிக்கை ஒன்றுமில்லை” என்று கருவி விடை கூறினால் அதற்குப் பொருள் யாது என்பதே அது.

இதன் முக்கியத்தை உணர, எச்சரிக்கை எவ்வாறு வந்து சேர்கிறதென்று பார்க்கவேண்டும். 1988 முதல் வழங்கிவரும் எஸ்.என்.எம்.பி. முறையில், பழுதுற்ற சாதனம் ‘டிராப்’ என்னும் செய்தியை அனுப்புகிறது. அது போய்ச் சேர்ந்ததா என்பது அனுப்பிய சாதனத்துக்குத் தெரியாது. நோட்டீஸைச் சாதாரணத் தபாலில் போட்டுவிட்டு, எதிரிக்குச் சேர்ந்ததென்று கோர்ட்டில் சாதிப்பதற்கு ஒப்பாகும் இது. ஆகவேதான் 1993-ல் வந்த இரண்டாம் பதிப்பில், ஒப்புகை கோரும் ‘இன்பார்ம்’ முறை சேர்க்கப்பட்டது. அதுவும் போதாது. மின்சாரமே அற்றுப்போன சாதனம் முறையிடவும் சக்தியற்றதன்றோ?

2015 டிசம்பர் 1-ந் தேதி இரவை நம் நகரத்தார் மறக்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட, அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீடுகளுள் புகுந்தது. மின்சாரம் நின்றது, பல இடங்களில் செல்போன்கள் ஊமையாயின. அயலூர் உறவினர் அழைத்து அழைத்துப் பதில் பெறாது தவித்தனர். அம்மௌனத்தை அவர்களில் எவரேனும் க்ஷேம சமாசாரமென்று கொண்டனரா? இல்லை, மழையின் கடுமையை அறிந்திருந்ததால் மௌனத்தைக் கண்டே அஞ்சினர். ஏஜெண்டோ, எழுதிவைத்தாலன்றி அவ்வாறு அஞ்ச அறியாது.

எனவே, தேடியும் எச்சரிக்கை காணோம் என்பது வேறு. தேட இயலவில்லை என்பது வேறு. அச்சாதனத்திலிருந்து நெடுநேரமாகச் செய்தியே இல்லை என்பது வேறு. இம்மூன்றுக்கும் மூன்று விடைகள் வேண்டும். அவற்றின் பொருளும் தெளிவாய் எழுதப்படவேண்டும். பட்டியலில் முதல் நூறு எச்சரிக்கைகள் மட்டுமே வருமாயின், மிகுதியுண்டென்று சொல்லவேண்டும். கடிகாரம் எந்நாட்டு நேரமென்று குறிக்கவேண்டும். இல்லையேல் நமது விடியற்காலை 2 மணி எச்சரிக்கை, யு.டி.சி. கணக்கில் முந்திய இரவு 8.30 என்று பதிவாகி, பழைய கதையென்று ஒதுக்கப்படும். ஒருவர் பார்த்ததாக ஒப்புக்கொண்ட எச்சரிக்கை வேறு, பழுது நீங்கிய எச்சரிக்கை வேறு என்பதும் விளங்கவேண்டும். சர்வதேசத் தந்தித்தொடர்புச் சங்கம் 1992-ல் வகுத்த எக்ஸ்.733 விதியில், எச்சரிக்கையின் கடுமையைக் குறிக்கும் பிரிவுகளுள் ‘நிர்ணயிக்க இயலாதது’ என்பதும் ஒன்று. தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் அந்த நாணயம் இவ்விளக்கங்களுக்கும் வேண்டும்.

விளக்கம் நீண்டால் செலவு மிகும், ஏஜெண்டு குழம்பும் என்று சிலர் ஆக்ஷேபிப்பர். சுருக்கம் நல்லதே. அலங்காரச் சொற்களை வெட்டுங்கள். ஆனால் கருவி எதைக் காணாது என்னும் வாக்கியத்தில் கைவைக்காதீர்கள். வக்கீல் பத்திரத்தைச் சுருக்கலாம். எல்லையைக் குறிக்கும் ஷரத்தை நீக்கலாமா? பார்ப்பதற்கென்று கொடுத்த கருவி எச்சரிக்கையை அழிக்கவும் அதிகாரம் பெறலாகாது என்பதும் அத்தகைய ஷரத்தேயாகும்.

தியாகராயநகர்க் கடைக்காரர் கையிலுள்ள போனில் பணம் வருவதும், மயிலாப்பூரில் நள்ளிரவில் நோயாளிக்காக ஆம்புலன்ஸை அழைப்பதும் இவ்வலையின் மூலமாகவே. ஆதலின் நிர்வாகிகளுக்கு நாம் கூறுவது இது: விளக்கத்தை எழுதியவரே அதைச் சரியென்று தீர்ப்பளிக்கவேண்டாம். சோதனைக்கூடத்தில் ஒரு சாதனத்தின் மின்சாரத்தை நிறுத்துங்கள். பின்னர் ஏஜெண்டை அழைத்து, “எல்லாம் க்ஷேமமா?” என்று கேளுங்கள். ‘ஆம்’ என்று அது சொல்லுமாயின், அன்றிரவு டூட்டியிலுள்ள டெக்னீஷியனை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.