வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கலாமா?

எழுதி வைக்கலாம். ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை அனுமதித்தது. கண்ணியமாக இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்றது. இந்த ஆவணத்தை ‘வாழும் உயில்’ என்கிறார்கள். சொத்து உயில் ஆள் போன பிறகு பேசும். இது, ஆள் உயிரோடு இருந்தும் பேச முடியாமல் கிடக்கும்போது பேசும்.

ஊசி போட்டு உயிரைப் போக்குவது இன்றும் குற்றம்தான். குணமாக வழியே இல்லை என்றான நோயாளிக்கு, உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையைத் தொடங்காமல் விடலாம், தொடங்கியதை நிறுத்தலாம். அவ்வளவுதான் அனுமதி. வலி மருந்தும் பராமரிப்பும் தொடர வேண்டும்.

2018இல் வகுத்த நடைமுறைப்படி, ஆவணத்தில் நீதித்துறை நடுவரின் கையெழுத்து வேண்டும். யார் அலைவது? 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. இப்போது 18 வயது நிரம்பி மனத்தெளிவோடு இருக்கும் எவரும் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். தன் சார்பில் சம்மதம் சொல்ல வேண்டியவர்களின் பெயர்களையும் அதில் குறிக்க வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

அதற்காக, காகிதத்தைக் காட்டியதும் குழாயைக் கழற்றிவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு முதலில் பார்க்கும். அதன் முடிவை இரண்டாவது குழு சரிபார்க்கும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நிறுத்துவதற்கு முன் நடுவருக்குத் தகவல் போக வேண்டும். குழுக்கள் முரண்பட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

உயில் எழுதாதவர்களுக்கும், உறவினர் சம்மதத்தோடு, இதே இரு குழுக்களின் வழி உண்டு. இது பலருக்குத் தெரியாது. “நாங்களே வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வலி மருந்துகூட இல்லாமல் ஆம்புலன்ஸில் ஏற்றிச் செல்கிறார்கள். நோயாளிக்கு இதைவிடக் கொடுமையான வழி இல்லை என்பேன்.

எழுதுகிறவர்கள் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். பெயர் குறித்தவர்களிடமும் குடும்ப மருத்துவரிடமும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள். பிள்ளைகளை உட்கார வைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள்; ஐசியூ வாசலில் மருத்துவர் கேட்கப்போவது அவர்களைத்தான்.