மணலுக்குள் மறைந்த இரட்டையர்!

குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே கரையில் மணல் கறுப்பும் சிவப்புமாக மின்னும். பார்த்தால் வெறும் மணல். ஆனால் அந்த மணலுக்காக உலக நாடுகள் போட்டி போட்டன!

கயிற்றில் ஒட்டிய செல்வம்

1909-ம் ஆண்டு. திருவிதாங்கூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போன தென்னை நார்க் கயிற்றில் கொஞ்சம் மணல் ஒட்டி இருந்தது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் அதைச் சோதித்துப் பார்த்தார். அதில் மோனசைட் என்ற தாதுப் பொருள் இருந்தது. மோனசைட்டுக்குள் தோரியம் என்ற உலோகம் இருந்தது.

கல்யாண ஊர்வலங்களில் பளிச்சென்று எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு நினைவு இருக்கிறதா? அதில் கட்டும் வலைக்கு 'மேண்டில்' என்று பெயர். அதற்குத் தோரியம் வேண்டும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் தெரு விளக்குகளுக்கும் அந்த வலைதான். ஆகவே மணவாளக்குறிச்சி மணல் கப்பல் ஏறியது. மணல் நம்முடையது; லாபம் பிறருடையது!

நாடு விடுதலை பெற்ற பிறகு நிலைமை மாறியது. 1950-ல் 'இந்தியன் ரேர் எர்த்ஸ்' நிறுவனம் தொடங்கப்பட்டது. கேரளத்தில் உள்ள ஆலுவாயில் அதன் தொழிற்சாலை எழுந்தது. 1952 டிசம்பர் 24-ந் தேதி பிரதமர் நேரு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

ஒன்றுபோல் இருக்கும் உலோகங்கள்

மோனசைட்டில் தோரியம் மட்டும் இல்லை. லாந்தனம், சீரியம், பிரசியோடைமியம், நியோடைமியம் என்று பல உலோகங்கள் கலந்து கிடக்கின்றன. இவற்றை 'அருமண் உலோகங்கள்' என்பார்கள். எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒரே குணம் உடையவை.

ஒரு காலத்தில் 'டைடைமியம்' என்று ஓர் உலோகம் இருப்பதாக விஞ்ஞானிகள் நம்பினார்கள். லாந்தனத்தின் இரட்டை என்று எண்ணி வைத்த பெயர் அது. 1885-ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி அதைப் பிளந்து காட்டினார். அதற்குள்ளேயே இரட்டையர் இருந்தனர்! ஒன்று பிரசியோடைமியம், மற்றொன்று நியோடைமியம். விளக்கு வலையைக் கண்டுபிடித்தவரும் இவரே.

கரைசலைத் திரும்பத் திரும்பப் படிகமாக உறைய வைத்து அவர் பிரித்தார். பொறுமையைச் சோதிக்கும் வேலை. தொழிற்சாலைக்கு அது சரிப்படுமா?

சாம்பாரில் ஒரு பாடம்

சாம்பாரின் மேலே மிதக்கும் எண்ணெயைப் பாருங்கள். மஞ்சள் நிறமாக இருக்கும். மஞ்சள் பொடியின் நிறத்துக்கு எண்ணெய் மீது ஆசை. உப்புக்கோ தண்ணீர் மீது ஆசை. கலக்கிவிட்டு நிறுத்தினால், அது அதற்குப் பிடித்த இடத்தில் போய்ச் சேரும்.

தொழிற்சாலையிலும் இதே தந்திரம்தான். உலோகங்களைத் திராவகத்தில் கரைக்கிறார்கள். அதோடு, உலோகத்தைப் பிடிக்கும் மருந்து கலந்த மண்ணெண்ணெயைச் சேர்த்துக் கலக்குகிறார்கள். நியோடைமியத்துக்கு எண்ணெய் மீது கொஞ்சம் கூடுதல் ஆசை. பிரசியோடைமியத்துக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் மிகச் சிறியது. ஒரு தடவை கலக்கினால் போதாது.

எதிர் எதிரே இரண்டு ரயில்

இங்கேதான் 'எதிரோட்டம்' கை கொடுக்கிறது. திருச்சி-கரூர் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். முத்தரசநல்லூர், ஜீயபுரம், பேட்டைவாய்த்தலை, குளித்தலை, லாலாப்பேட்டை என்று ஸ்டேஷன்கள். கரூரிலிருந்து திருச்சிக்கு 'எண்ணெய் வண்டி' வருகிறது. திருச்சியிலிருந்து கரூருக்குத் 'தண்ணீர் வண்டி' போகிறது. வண்டிகள் இடைவிடாமல் ஓடுகின்றன.

குளித்தலையில் ஆயிரம் ஜோடி இரட்டையர் ஏறுகிறார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எல்லோரும் இறங்கி, பிடித்த வண்டியில் மறுபடி ஏறலாம். அண்ணன்மாருக்கு எண்ணெய் வண்டி மீது சற்று ஆசை அதிகம். ஜீயபுரத்தில் பார்த்தால், எண்ணெய் வண்டியில் அண்ணன்மார் கூட்டமே மிகுதி! லாலாப்பேட்டையில் தண்ணீர் வண்டி நிறையத் தம்பிமார்! ஸ்டேஷன்கள் கூடக் கூட, பிரிவு சுத்தமாகும்.

தொழிற்சாலையில் ஸ்டேஷனுக்குப் பதில் தொட்டி. கலக்க ஒரு தொட்டி, தெளிய ஒரு தொட்டி. இப்படி வரிசையாகப் பல ஜோடிகள்.

ஆராய்ச்சிக்கூடத்துக்கு இதிலும் நுட்பமான சாதனம் உண்டு. அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி இட்டோ, சுருட்டிய குழாயை வேகமாகச் சுழற்றி, அதற்குள் இரண்டு திரவங்களை மோதவிட்டார். ஒரு திரவம் குழாயில் தங்க, மற்றது அதனூடே ஓடும். 1970-ல் இம்முறை வெளியாயிற்று. சமையல் மஞ்சளில் உள்ள மூன்று நிறப் பொருள்களை அவரும் சகாக்களும் இதே வழியில் பிரித்து, 2000-ல் வெளியிட்டார்கள்.

இன்று என்ன அவசரம்?

விளக்கு வலையின் காலம் போய்விட்டது. இன்று நியோடைமியத்துக்குத்தான் மவுசு. அதிலிருந்து செய்யும் காந்தம் மிகவும் வலிமையானது. செல்போனில் அது இருக்கிறது. மின்சாரக் கார் மோட்டாரில் அது இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் உலோகங்களுக்கும், அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. நம் நாட்டு மோட்டார் தொழிற்சாலைகள் காந்தம் கிடைக்காமல் தவித்தன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தோரியம் கதிர்வீச்சு உள்ள பொருள். மணலை அள்ளினால் கரை அரிக்கும், உடம்பு கெடும் என்று குமரிக் கடலோர மக்கள் அஞ்சுகிறார்கள், எதிர்த்துப் போராடுகிறார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

நூறு ஆண்டுக்கு முன் மணல் நம்மிடம் இருந்தது. பிரிக்கும் வித்தை இல்லை. அதனால் மணல் மலிவாகப் போயிற்று. இன்று வித்தை கையில் இருக்கிறது. அதை வளர்க்க வேண்டும். கரையில் வாழ்பவர்களின் வயிற்றில் அடிக்காமல் வளர்க்க வேண்டும்.