பிடித்த பிடி விடாத பிரேக்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் விடுமுறைக்காகத் தாராவிக்குச் சென்றிருந்தேன். என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து இட்லி வியாபாரம் செய்பவர். பானையும் தட்டும் சுமப்பது ஒரு பழைய மாருதி ஆம்னி வண்டி. ஆச்சிக்கு உடல்நலம் குன்றியதால் ஜூன் மாதம் ஊருக்குப் போனவர், மழைக்காலம் முழுவதும் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. போகும்போது வண்டியைச் சந்தோரத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் நன்றாக இழுத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. பின்சக்கரம் இரண்டும் தரையில் வேரூன்றியவை போல் நின்றன.

அவ்வழியே வந்த மெக்கானிக் ஒருவர், “முதல் கியரில் போட்டு ஓங்கி இழுங்கள், தானே விட்டுவிடும்” என்றார். தந்தையார் அதற்கு ஆயத்தமாகிவிட்டார். நான் வேண்டாமென்று தடுத்தேன். “ஏலே, காலேஜில படிச்சது சக்கரத்துக்கு ஆவுமா?” என்று கேட்டார். மூன்று மாதமாக வருமானமில்லாத மனிதரின் கேள்வி அது, கோபித்துக்கொள்ள முடியுமா?

டிரம் பிரேக்கின் அமைப்பை முதலில் பார்ப்போம். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம் ஒன்று, அதுதான் டிரம். அதற்குள் பிறைவடிவத்தில் இரண்டு ஷூக்கள். அவற்றின் முதுகில் லைனிங் ஒட்டியிருக்கும். நாம் பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் வீல் சிலிண்டருக்குள் பாய்ந்து, இரு பிஸ்டன்களையும் வெளியே தள்ளும். அவை ஷூக்களை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். உராய்வு உண்டாகிச் சக்கரம் நிற்கும். காலை எடுத்ததும் ஸ்பிரிங்குகள் ஷூக்களைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்குக்கு ஆயில் வேண்டாம். கேபிள் ஒன்று நெம்புகோலை இழுத்து அதே ஷூக்களை விரிக்கிறது.

இனி இரசாயனத்துக்கு வருவோம். இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் துரு. கடற்காற்றின் உப்பு அதை விரைவுபடுத்துகிறது. நாம் கவனிக்க வேண்டியது துருவின் பருமன். கரைந்த இரும்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தைத் துரு அடைத்துக்கொள்கிறது. ஷூவுக்கும் டிரம்முக்கும் சாதாரண வேளையில் உள்ள இடைவெளியோ ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிதான். ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையில் அந்த இடைவெளியும் இல்லை. ஈரம் புகுந்த மூன்று மாதத்தில் லைனிங்கும் டிரம்மும் ஒட்டிக்கொள்வதில் வியப்பென்ன? ஒரே இரவு மழையில் படியும் மெல்லிய துரு என்றால் வண்டியை நகர்த்தியதும் விட்டுவிடும். மெக்கானிக் சொன்னது அதற்குப் பொருந்தும். நாட்பட்ட துருவில் ஓங்கி இழுத்தால், துரு விடுவதற்குப் பதில் லைனிங்கே ஷூவிலிருந்து பிய்ந்து வரலாம். பிய்ந்த துண்டு ஓடும்போது இடையில் சிக்கினால் சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளும்.

ஆகவே கழற்றினோம். சமதளமான இடம், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் தளர்வாக. ஜாக்கியில் தூக்கியபின் வண்டியை இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கையை விடாதீர்கள். செங்கல் அடுக்குவதும் கூடாது, அது சொல்லாமல் உடையும்.

ஹேண்ட் பிரேக் கேபிளை இன்னும் தளர்த்தினோம். டிரம்மின் நடுவே அச்சோடு பொருந்தும் விளிம்பில் மட்டும் துருநீக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டு ஓர் இரவு ஊறவைத்தோம். அதிகம் விட்டால் லைனிங்கில் இறங்கிவிடும். எண்ணெய் குடித்த லைனிங் எதற்கும் உதவாது. மறுநாள் கொட்டாப்புளியால் டிரம்மைச் சுற்றிலும் தட்டினோம். முகப்பில் மரையுள்ள இரண்டு துளைகள் இருந்தன. 8 மில்லிமீட்டர் போல்ட்டுகள் இரண்டை அவற்றில் மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்கினோம். திடீரென்று ஒரு வெடிச்சத்தம், டிரம் விலகிற்று. உள்ளே இருந்த தூளை ஊதித் தள்ளத் தந்தையார் குனிந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. முகமூடி கட்டிச் சோப்பு நீரால் நனைத்துத் துடைத்தெடுத்தோம்.

இடப்பக்கத்து ஷூ ஒன்றில் லைனிங் ஓரம் ஏற்கெனவே பெயர்ந்து நின்றது. தந்தையார் அதை நகத்தால் நெம்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

வலப்பக்கத்தில் வேறு குறை. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கியதும் பழுப்புநீர் வழிந்தது. ஒரு பிஸ்டன் அசையவேயில்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடும். பல ஆண்டுகளாக மாற்றாத ஆயில் சிலிண்டரை உள்ளிருந்தே அரித்திருந்தது. அரித்த சிலிண்டரை உப்புத்தாளால் தேய்த்துச் சரிக்கட்டலாம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. இரு பக்கத்துக்கும் புதுச் சிலிண்டர், புது ஷூ வாங்கினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருபுறமாக இழுக்கும். கேபிளும் உறைக்குள் இறுகியிருந்ததால் அதையும் மாற்றினோம். டிரம்களின் உட்சுவரை உப்புத்தாளால் துலக்கியது போதுமானதாயிற்று.

ஒரு பக்கத்தை முடித்தபிறகே மறுபக்கத்தைப் பிரித்தோம். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்று ஐயம் வந்தபோதெல்லாம் பிரிக்காத பக்கம் விடை சொல்லிற்று.

பிறகு காற்றெடுத்தல். தந்தையார் பெடலை மிதித்தபடி “பிடிச்சிருக்கேன்” என்பார். நான் நிப்பிளைத் திறப்பேன். குமிழியோடு ஆயில் வரும். மூடியபின் “விடுங்கப்பா” என்பேன். குமிழி நின்று பெடல் கல்லைப்போல் ஆகும்வரை இதே பாட்டு. நடுவில் மேலேயுள்ள ஆயில் டப்பா காலியாகிவிடக் கூடாது. ஆனால் எங்களுக்கு ஒருமுறை ஆயிற்று, முதலிலிருந்து தொடங்கினோம்.

வெறும் வண்டியை நடைவேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். ஒரு சுற்று வந்தபின் டிரம்களின் அருகே கையைக் காட்டினோம். இரண்டிலும் வெப்பம் ஒத்திருந்தது. ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் இன்னும் விடவில்லை என்று பொருள். மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணிக்குச் சாம்பார்ப் பானைகள் ஏறின.

நெடுநாள் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக்கைத் தளரவிட்டு, கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். தந்தையாரும் இவ்வாண்டு ஊருக்குப் போனபோது அப்படித்தான் செய்தார்; கட்டை வைத்ததைப் படமெடுத்து எனக்கு அனுப்பவும் செய்தார்.