எண்ணிச் சுழலும் மடக்கு

ஏழாம் வாய்ப்பாட்டை இணையப் பக்கம் ஒன்றில் காட்ட வேண்டும் எனக் கொள்வோம். 12 வரிகளையும் தனித்தனிக் கட்டளைகளாக எழுதலாம். ஆனால் வாய்ப்பாட்டை 100 வரை நீட்டச் சொன்னால் அம்முறை பயன்படாது. வரிதோறும் மாறுவது ஓர் எண் மட்டுமே. செய்யும் வேலை ஒன்றுதான். இவ்வாறு ஒரே வேலையை, முன்பே தெரிந்த எண்ணிக்கைப்படி மீண்டும் மீண்டும் செய்விக்கும் கட்டமைப்பே எண்ணும் மடக்கு ஆகும்.

மடக்கின் அமைப்பு

இணையப் பக்கங்களை இயங்கச் செய்யும் மொழிகளுள் முதன்மையானது ஜாவாஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏறத்தாழ 10 நாள்களில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். எண்ணும் மடக்கை எழுதும் முறையை இம்மொழி சி மொழியிலிருந்து எடுத்துக்கொண்டது. அதன் தலைப்பகுதி பின்வருமாறு அமையும்:

ஃபார் (லெட் எண் = 1; எண் <= 12; எண்++)

ஃபார், லெட் ஆகியவை திறவுச்சொற்கள். இங்கு அவை ஒலிபெயர்த்துக் காட்டப்பட்டுள்ளன; நிரலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே எழுத வேண்டும். ‘எண்’ என்பது நாம் இட்ட மாறியின் பெயர். மாறிகளுக்குத் தமிழில் பெயரிட ஜாவாஸ்கிரிப்ட் இடம்தருகிறது.

அடைப்புக்குறிக்குள் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, தொடக்க மதிப்பு. இது ஒரே ஒருமுறை மட்டும் இயங்கும். இரண்டாவது, நிபந்தனை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் இது சோதிக்கப்படும். சரி எனில் மடக்கின் உடற்பகுதி இயங்கும், தவறு எனில் மடக்கு முடிவுறும். மூன்றாவது, மிகுப்பு. உடற்பகுதி இயங்கி முடிந்ததும் மாறியின் மதிப்பை ஒன்று கூட்டுவது இதன் பணி. பின்னர் நிபந்தனை மீண்டும் சோதிக்கப்படும்.

இவ்வரிசையை மனத்தில் கொண்டால் ஓர் உண்மை புலப்படும். உடற்பகுதி 12 முறை இயங்குகிறது. நிபந்தனையோ 13 முறை சோதிக்கப்படுகிறது. மாறி 13 என்னும் மதிப்பை அடைந்து, நிபந்தனை பொய்த்த பிறகே மடக்கு நிற்கிறது. நிபந்தனை முதலிலேயே பொய்த்தால் உடற்பகுதி ஒருமுறைகூட இயங்காது.

சுழியத்திலிருந்து எண்ணுதல்

பல மதிப்புகளை ஒரே பெயரில் வரிசையாகச் சேர்த்து வைப்பது அணி எனப்படும். அணியின் முதல் உறுப்பிற்குரிய சுட்டெண் 1 அன்று, 0 ஆகும். ஆறு உறுப்புகள் கொண்ட அணியின் சுட்டெண்கள் 0 முதல் 5 வரை அமையும். நெல் அளப்போர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்கும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. பெயர் எதுவாயினும் அளந்த நெல் குறைவதில்லை. அதுபோலவே, முதல் உறுப்பைச் சுழியம் என அழைப்பதால் உறுப்புகளின் எண்ணிக்கை மாறுவதில்லை.

இம்முறையில் ஒரு வசதியும் உண்டு. சுழியத்தில் தொடங்கி, ‘6ஐவிடச் சிறியது’ என நிபந்தனை அமைத்தால் மடக்கு சரியாக 6 முறை சுழலும். மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்தால் கிடைப்பதே சுற்றுகளின் எண்ணிக்கை. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982ஆம் ஆண்டு எழுதிய குறிப்பு ஒன்றில், எண்ணுதலைச் சுழியத்தில் தொடங்குவதற்கு ஆதரவாக இவ்வசதியையும் எடுத்துக்காட்டியுள்ளார்.

ஒன்று குறைதலும் ஒன்று மிகுதலும்

100 மீட்டர் நீளமுள்ள நேர்வேலிக்கு 10 மீட்டருக்கு ஒரு கம்பம் நட வேண்டுமெனில், தேவைப்படுவன 10 கம்பங்கள் அல்ல; 11 ஆகும். இடைவெளிகளை எண்ணிவிட்டுக் கம்பங்களை எண்ணியதாகக் கருதும் இப்பிழை, மடக்குகளில் அடிக்கடி நேர்வது.

மாணவர் ஒருவர் ஆறு பாடங்களில் 92, 85, 78, 88, 90, 81 ஆகிய மதிப்பெண்கள் பெற்றுள்ளார் என்க. அவை ஓர் அணியில் உள்ளன. மொத்தம் 514. மடக்கைச் சுழியத்தில் தொடங்கி, ‘6 அல்லது அதனினும் சிறியது’ என நிபந்தனை எழுதினால், இல்லாத ஏழாவது உறுப்பையும் கூட்ட நேரும். அப்போது மொத்தம் ‘எண் அன்று’ என்னும் குறியீடாக மாறிவிடும். பிழை உடனே கண்ணில் படும்.

மாறாக, மடக்கை 1இல் தொடங்கினால் முதல் பாடத்தின் 92 விடுபட்டு, மொத்தம் 422 எனக் காட்டப்படும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. நிரல் இடையில் நிற்கவும் செய்யாது. விடை பார்வைக்குப் பொருத்தமாகவே இருக்கும். ஆயினும் ஒரு மாணவரின் மேற்படிப்பு வாய்ப்பை மாற்றிவிட அது போதும். கண்ணுக்குத் தெரியும் பிழையினும் தெரியாத பிழையே கொடிது.

இதனைத் தவிர்க்க, எல்லையாக 6 என எழுதாமல் அணியின் நீளத்தையே எழுதுவது நன்று. பாடங்களின் எண்ணிக்கை மாறினாலும் மடக்கைத் திருத்த வேண்டியதில்லை.

முடிவிலா மடக்கு

நிபந்தனை எப்போதும் பொய்க்காவிடில் மடக்கு நிற்பதில்லை. இணையப் பக்கத்தில் இதன் விளைவு பெரிது. நிரலை இயக்குவதும் பயனர் அழுத்தும் பொத்தானுக்கு மறுமொழி தருவதும் பெரும்பாலும் ஒரே இழையில் நிகழ்வதால், மடக்கு முடியும்வரை பக்கம் முழுவதும் உறைந்து நிற்கும்.

மிகுப்பை மறப்பது இதற்கு ஒரு காரணம். மற்றொன்று நுட்பமானது. மாறியைச் சுழியத்தில் தொடங்கி, 0.1 ஆகக் கூட்டி, 1க்குச் சமமாகும்வரை சுழலச் சொன்னால் அம்மடக்கு நிற்காது. மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம எண்ணாக எழுதினால் 0.333 என முடிவின்றி நீள்வதுபோல, 0.1 என்பது இரும எண்முறையில் முடிவின்றி நீளும். கணினி அதனைத் தோராயமாகவே தேக்குகிறது. ஆகவே பத்துமுறை கூட்டியபின் கிடைப்பது 1 அன்று, 0.9999999999999999 ஆகும். அடுத்த சுற்றில் மதிப்பு 1ஐத் தாண்டிவிடும். எனவே எண்ணுவதற்கு முழு எண்களையே பயன்படுத்த வேண்டும். 0 முதல் 10 வரை எண்ணி, உடற்பகுதியில் 10ஆல் வகுத்துக்கொள்வது பாதுகாப்பான வழி.

மடக்கினுள் மடக்கு

ஒரு மடக்கின் உடற்பகுதியில் மற்றொரு மடக்கும் இடம்பெறலாம். 40 மாணவர்களின் 6 பாட மதிப்பெண்களைக் கூட்டுகையில், வெளிமடக்கு ஒருமுறை சுழல்வதற்குள் உள்மடக்கு 6 முறை சுழலும். உள்மடக்கின் உடற்பகுதி மொத்தம் 240 முறை இயங்கும். மொத்தத்தைத் தேக்கும் மாறியை ஒவ்வொரு மாணவருக்கும் மீண்டும் சுழியமாக்க வேண்டும். அதற்குரிய கட்டளை வெளிமடக்கின் உள்ளே, உள்மடக்கிற்கு முன் அமைய வேண்டும். தவறினால் முதல் மாணவரின் மதிப்பெண் இரண்டாமவரின் கணக்கில் சேர்ந்துவிடும்.

மடக்கை எழுதி முடித்ததும், சுற்றுகளின் எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்துத் தாளில் நாமே இயக்கிப் பார்க்கலாம். முதல் சுற்றில் மாறியின் மதிப்பு என்ன? இறுதிச் சுற்றில் என்ன? மடக்கு நிற்கும்போது என்ன? அணியில் ஓர் உறுப்பும் இல்லையெனில் என்ன நிகழும்? இந்நான்கு வினாக்களுக்கும் விடை எழுதுவதற்குச் சில நிமிடங்கள் போதும். மூன்று சுற்றுகளில் சரியாக எண்ணும் மடக்கு, பெரும்பாலும் மூவாயிரம் சுற்றுகளிலும் சரியாகவே எண்ணும்.