யோகாப்பியாசம்: நித்திய அனுஷ்டானமா, வருஷத் திருவிழாவா?

ஜூன் மாதம் 21-ந் தேதி வந்துவிட்டால், நமது நகரங்களின் மைதானங்களிலும் கடற்கரைகளிலும் விடியற்காலையில் பெருங் கூட்டம் கூடுவதை நேயர்கள் ஆண்டுதோறும் கண்டு வருகிறார்கள். ஒரே நிறத்துச் சட்டையும், ஒரே அளவான விரிப்பும், எதிரே மேடையும், ஒலிபெருக்கியும், படம் பிடிப்போரும் ஆக எல்லாம் வெகு சிறப்பாகவே நடைபெறுகின்றன. ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 2014 டிசம்பர் 11-ந் தேதி, 177 நாடுகள் கூடி ஆதரித்துக் கொணர்ந்த தீர்மானத்தின்மூலம் அந்நாளை ஸர்வதேச யோக தினமாக ஏற்றுக்கொண்டது. 2015 முதல் அது கொண்டாடப்பட்டு வருகின்றது. நமது முன்னோர் கண்ட ஒரு வித்தையை உலகம் இவ்வாறு மதித்தது குறித்து நாம் பெருமை கொள்வது நியாயமே. ஆயினும் 22-ந் தேதி காலையில் அதே மைதானத்துக்குச் சென்று பார்ப்பவருக்கு, மிதிபட்ட புல்லையும் காலித் தண்ணீர்ப் புட்டிகளையும் தவிர வேறொன்றும் அங்கே காணக் கிடைப்பதில்லை. திருவிழாவில் நமக்கு விரோதமில்லை. தேர் நிலைக்கு வந்த பின் ஸ்வாமிக்கு நித்திய பூஜை உண்டா என்பதே நமது கேள்வி.

இக்கேள்வியை விளையாட்டாகக் கேட்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பெற்று, 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, 2021-ம் ஆண்டில் நமது நாட்டில் நீரிழிவு நோயாளர் 10 கோடியே 10 லட்சம் பேர் இருந்தனரென்றும், அந்நோயின் வாசலில் நிற்போர் 13 கோடியே 60 லட்சம் பேரென்றும், அதிக இரத்த அழுத்தமுடையோர் 31 கோடியே 50 லட்சம் பேரென்றும் மதிப்பிட்டது. இவை கொள்ளைநோய்போல் ஒரு நாளில் வந்து ஒரு மாதத்தில் போகும் வியாதிகளல்ல. அன்றாடம் நாம் உண்ணும் முறையும், உட்காரும் முறையும், உறங்கும் முறையும் சிறுகச் சிறுக விளைவிப்பவை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு வயது வந்தோர் ஒவ்வொருவருக்கும் வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. 2022-ம் ஆண்டுக் கணக்கின்படி நம்மவரில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த அளவை எட்டவில்லை. அன்றாடம் வளர்ந்த வியாதிக்கு ஆண்டுக்கொரு முறை செய்யும் அப்பியாசம் எங்ஙனம் மருந்தாகும்?

யோகம் என்றவுடன் உடலை முறுக்கி வளைத்துச் செய்யும் வித்தையே பலருடைய நினைவுக்கு வருகின்றது. நூல்களோ வேறு விதமாகப் பேசுகின்றன. பதஞ்சலி முனிவருடைய யோக சூத்திரங்கள் இருநூற்றுக்குச் சற்றுக் குறைவானவை. அவற்றுள் ஆசனத்தைப்பற்றி நேராகக் கூறுபவை மூன்றே மூன்று. நிலையாகவும் சுகமாகவும் அமர்தலையே அவர் ஆசனமென்று கொண்டார். நமது திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு அங்கங்களையும் சொல்லுமிடத்து, ஒழுக்கத்தைச் சொன்ன பின்னரே ஆசனத்துக்கு வருகிறார். இன்று உலகெங்கும் வழங்கும் ஆசனப் பயிற்சி முறைகளிற் பல, 1930-களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் திருமலை கிருஷ்ணமாசாரியர் நடத்திய யோகசாலையிலிருந்து கிளைத்தவை. பி. கே. எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அங்கே பயின்றவர்களே. அப்பெரியார் பின்னர் சென்னைக்கு வந்து, 1989-ல் தமது நூறாவது பிராயத்தில் காலமாகும் வரையில் இங்கேயே வாழ்ந்தார். இளைஞருக்குத் துள்ளிச் செய்யும் அப்பியாசங்களைக் கற்பித்த அவரே, நோயாளிக்கும் முதியவருக்கும் நாற்காலியிலும் படுக்கையிலும் செய்யத்தக்கவற்றைக் கற்பித்தார். மனிதனுக்குத் தக்கபடி யோகத்தை அமைக்க வேண்டுமேயன்றி, யோகத்துக்குத் தக்கபடி மனிதனை ஒடித்தல் தகாதென்பது அவருடைய கொள்கை. ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தி ஒரே ஆணையில் குனியச் செய்யும் இக்காலத்து ஏற்பாடு அவருக்கு உவப்பாயிருந்திருக்குமா என்பது ஸந்தேகமே.

எல்லாவற்றிலும் எளியதும், செலவற்றதும், பலனைச் சோதித்தறியக் கூடியதுமானது மூச்சு. 1924-ல் லோணாவ்ளாவில் கைவல்யதாமத்தை நிறுவிய ஸ்வாமி குவலயானந்தர், யோகக் கிரியைகளை எக்ஸ்-ரே கருவிகொண்டும் அழுத்தமானி கொண்டும் சோதித்து, அம்முடிவுகளைத் தமது பத்திரிகையில் வெளியிட்டு, பக்தியினால் மட்டும் நம்பிவந்த ஒரு துறையை ஆராய்ச்சிக் கூடத்துக்குள் அழைத்து வந்தார். அதே வழியில் பிற்காலத்தில் இத்தாலி தேசத்து டாக்டர் பெர்னார்டியும் அவருடைய சகாக்களும் செய்த சோதனையொன்று மிகவும் ருசிகரமானது. இருபத்துமூன்று பேரை அமர்த்தி, கத்தோலிக்கரின் ஜபமாலைப் பிரார்த்தனையை லத்தீன் மொழியிலும், திபேத்திய பௌத்தர்களின் மந்திரத்தை அவர்கள் உச்சரிக்கும் வண்ணத்திலும் ஜபிக்கச் செய்து, மூச்சையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினான்கு முறையளவில் ஓடிய மூச்சு, இரண்டு ஜபத்திலும் ஏறக்குறைய ஆறு முறையாகத் தானே இறங்கிற்று. இது 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. சமயம் வேறு, பாஷை வேறு, தெய்வம் வேறு. மூச்சின் கணக்கு ஒன்றே.

அந்த ஆறு என்னும் எண்ணில் என்ன விசேஷம்? கழுத்திலுள்ள பெரிய இரத்தக் குழாய்களின் சுவரில், அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை உணரும் நரம்பு நுனிகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் அவை மூளைக்கு அறிவிக்க, மூளை இருதயத்தின் வேகத்தைத் தணிக்கின்றது. இரத்த அழுத்தத்தில் இயற்கையாகவே பத்து வினாடிக்கு ஒரு முறை ஓர் அலை எழுந்து அடங்குகின்றது. மூச்சும் பத்து வினாடிக்கு ஒன்றாக ஓடும்போது இரண்டும் ஒத்திசைந்து, அக்காவல் நரம்புகள் கூர்மை பெறுகின்றன. கோயிற் பிராகாரத்தில் நாமாவளி பாடுபவரும், மசூதியில் நிதானமாய் ஓதுபவரும், ஜபமாலை உருட்டும் பாட்டியும் இந்தச் சாஸ்திரத்தை அறியாமலே அதன் பலனில் ஒரு பகுதியைப் பெற்றிருக்கக் கூடும். தெய்வ நம்பிக்கையில்லாதவர் ஐந்து வினாடி உள்வாங்கி, ஐந்து வினாடி வெளிவிட்டு, ஐந்து நிமிஷம் அமர்ந்தாலும் அதே பலன் கிட்டும். பேருந்துக்குக் காத்து நிற்கையிலேயே செய்து விடலாம்.

தரையில் அமர்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டியிருக்கிறது. பந்தியில் சம்மணமிட்டு உண்டதும், அம்மியின் முன் குந்தியதும், வாசலிற் குனிந்து கோலமிட்டதும் நம்மவருக்கு ஒருவரும் ஆசனமென்று சொல்லாத ஆசனங்களாய் இருந்தன. மேஜையும் நாற்காலியும் வந்த பின், ஐம்பது பிராயத்திலேயே, கல்யாண வீட்டில் ஜமக்காளத்தைக் கண்டால் அஞ்சி நாற்காலி தேடுவோர் மிகுந்து விட்டனர். பிரேஸில் தேசத்து டாக்டர் அரௌஹோ என்பவர், 51 முதல் 80 பிராயம் வரையிலான 2,002 பேரை, கையையும் முழங்காலையும் ஊன்றாமல் தரையில் அமர்ந்து எழச் சொல்லிப் பத்துக்கு இத்தனையென்று மதிப்பெண் இட்டார். ஒவ்வோர் ஊன்றலுக்கும் ஒரு மதிப்பெண் குறைத்தார். பின்வந்த ஆண்டுகளில், மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே மரணம், நிறையப் பெற்றவர்களிடையே நேர்ந்ததைவிடப் பல மடங்கு அதிகமாயிருந்தது. 2012-ல் வெளியான இம்முடிவைக்கொண்டு, தரையில் அமர்ந்தால் ஆயுள் நீளுமென்று நாம் ஜோதிடம் கூறப் புகவில்லை. முன்பே பலவீனமுற்றவரே எழமுடியாமல் இருந்திருத்தலும் கூடும். ஆயினும் கால்களின் பலமும், மூட்டின் இளக்கமும், சமநிலையும் ஒருங்கே வேண்டப்படும் காரியம் இதுவென்பதில் ஐயமில்லை. முழங்கால் நோயில்லாதவர் நாளொன்றுக்கு ஒரு வேளையேனும் தரையில் அமர்ந்து உண்பாராயின், அப்பியாசத்துக்கென்று தனி நேரம் தேட வேண்டுவதில்லை. உண்டபின் சில நிமிஷம் நடந்தால், தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் அதன் ஏற்றம் குறையும்.

இவ்வளவு எளியதாயின் ஏன் நிலைப்பதில்லை? தொடக்கத்தில் நாம் பெரிதாகச் சங்கற்பம் செய்துகொள்வதே காரணம். தைப் பிறப்பன்று ஒரு மணி நேர அப்பியாசமென்று நோட்டுப் புத்தகத்தில் எழுதியவர், மாசிக்குள் அப்புத்தகத்தைத் தேடுகிறார். லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் 96 பேரைக் கொண்டு நடந்து 2009-ல் வெளியான ஆராய்ச்சியில், நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட வேளையை அடையாளமாகக் கொண்டு ஒரு சிறு காரியத்தைச் செய்யும்படி ஏற்பாடாயிற்று. அது யோசனையின்றித் தானே நிகழும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் சென்றது. சிலருக்கு 18 நாளிலேயே கைகூடிற்று. சிலருக்கு 254 நாள் வரையில் ஆகுமென மதிப்பிடப்பட்டது. தண்ணீர் குடிக்கும் பழக்கம் விரைவிலும், தேகப் பயிற்சி தாமதித்தும் படிந்தன. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பங்கமொன்றும் நேரவில்லை. விரதம் முறிந்ததுபோல் எண்ணி ஒரு நாள் தவறியதற்காக முழுவதையும் கைவிடும் நம்மவருக்கு இது நல்ல செய்தி. காலையில் காப்பி காய்வதற்குள் பத்து மூச்சு என்று, ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தின் வாலில் புதியதைக் கட்டிவிடுவதே உபாயம்.

தியானத்தைப்பற்றிப் பலர் அளவுக்கு மிஞ்சிப் பேசுகின்றனர். மனம் அலையாதிருத்தலே தியானமென்று எண்ணி, அலைந்தவுடன் தமக்கு யோக்கியதை இல்லையென்று எழுந்து விடுவோர் அநேகர். இவ்வரிகளை எழுதுபவனும் முதல் நாளில் ஐந்து நிமிஷம் அமரப் புகுந்து, இரண்டாம் நிமிஷத்திலேயே பால் கணக்கில் போய் நின்றவன்தான். அலைந்த மனத்தைக் கோபமின்றித் திருப்பிக் கொணர்வதே அப்பியாசம். ஆனால் கடுமையான மனநோய்க்கு ஆளானவர்கள் வைத்தியரின் ஆலோசனையின்றி நெடுநேரத் தியானத்தில் இறங்குதல் ஆகாது. கண்ணில் நீரழுத்த நோயுள்ளவர்கள் சிரசாஸனத்தையும், அதிக இரத்த அழுத்தமுடையோரும் கர்ப்பிணிகளும் வேகமாய் மூச்சைத் தள்ளும் கிரியைகளையும் விலக்க வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு ஆசனம் செய்தால் போதுமென்று விளம்பரம் செய்வோர், யோகத்துக்கும் நோயாளிக்கும் ஒருங்கே துரோகம் செய்பவர்களாவர். இதைக் கண்டிக்க நாம் பின்வாங்கப் போவதில்லை.

நேரமின்மை என்னும் நியாயம் ஒரு சாராருக்குப் பொருந்தாது. ஒரு சாராருக்கு முற்றிலும் பொருந்தும். கைப்பேசியில் இரண்டு மணி நேரம் கழிக்கும் உத்தியோகஸ்தர் அதைக் கூறினால் நாம் நகைக்கலாம். விடியுமுன் எழுந்து, சமைத்து, குழந்தைகளை அனுப்பி, ஆலைக்குச் சென்று, இரவில் மீண்டும் அடுப்பின்முன் நிற்கும் ஸ்திரீ அதைக் கூறும்போது, விரிப்பு வாங்கச் சொல்லி உபதேசிப்பவரே நகைக்கத் தக்கவர். அவளுக்கு முதலில் வேண்டுவது உறக்கம். பிறகு வீட்டு வேலையில் பங்குகொள்ளும் புருஷன்.

பள்ளிக்கூட விஷயமும் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால், கால அட்டவணையில் தேகப் பயிற்சிக்கென்று எழுதப்பட்டிருக்கும் மணியைக் கணிதமும் பௌதிகமும் எடுத்துக்கொள்வதைப் பெற்றோர் அநேகர் அறிவார்கள், அறிந்தும் மகிழ்கிறார்கள். யோக தினத்தன்று அதே பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் படமெடுத்து அனுப்பும்படி உத்தரவு வருகின்றது. கல்வி இலாகாவினர் அந்தப் படத்தைக் கேட்பதற்குப் பதிலாக, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் முன்னறிவிப்பின்றி ஒரு பள்ளிக்குச் சென்று, தேகப் பயிற்சி மணியில் அப்பிள்ளைகள் வகுப்பறையில் இருக்கிறார்களா, மைதானத்தில் இருக்கிறார்களா என்று பார்த்து, கண்டதைப் பகிரங்கமாக வெளியிட முன்வருவார்களா?