அம்மா தொடங்கும் செபம்

தூத்துக்குடியில் தொடங்கி கன்னியாகுமரியைச் சுற்றி நீரோடி வரை நீளும் கடற்கரை ஊர்களில் கத்தோலிக்க விசுவாசத்தை ஊன்றியவர் யார் என்று கேட்டால், புனித சவேரியார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் சவேரியார் இந்தக் கரையில் இருந்தது கொஞ்ச காலமே. 1542இல் வந்தவர் சில ஆண்டுகளில் மலாக்கா, ஜப்பான் என்று போய்விட்டார். தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்து, வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பியதை 1544இல் அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அன்று பிள்ளை சொல்லிக்கொடுத்தது, தாய் கற்றுக்கொண்டாள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாயானபின் இது தலைகீழானது. அதன்பிறகு நானூறு ஆண்டுக்கு மேலாகச் சொல்லிக்கொடுப்பவள் தாய்தான்.

ஆண்கள் கடலில் இருந்தார்கள். கட்டுமரம் சாமத்தில் இறங்கும். கரைக்கு வந்தபின் வலை உலர்த்த வேண்டும், பொத்தல் அடைக்க வேண்டும், கொஞ்சம் கண்ணயர வேண்டும். பிள்ளைகள் அம்மாவின் பொறுப்பு; பிள்ளைகளின் செபமும் அம்மாவின் பொறுப்பு. 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது. 1838 வாக்கில் புதிய மதுரை மிஷன் தொடங்கும்வரை பல ஊர்களுக்குக் குருவானவர் வருவதே அரிதாகிவிட்டது. பூசைக்கு வழியில்லை, பாவசங்கீர்த்தனத்துக்கு வழியில்லை. உபதேசியார் ஒருபக்கம், வீட்டுச் செபம் மறுபக்கம் என்று அந்த நீண்ட காலத்தை ஊர்கள் தாண்டின. வீட்டுச் செபம் என்றால் அம்மா.

எங்கள் பாட்டிமார் காலத்து மாலை நேரத்தை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயிலில் திரிகால மணி அடித்ததும் தெருவில் விளையாடுகிற பிள்ளை அங்கேயே நிற்கும். மீன் விற்றுத் திரும்புகிறவள் ஓலைப்பெட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சிலுவை வரைவாள். கால் கழுவி, மாதா படத்துக்கு முன் விளக்கேற்றி, ஐம்பத்துமூன்று மணிச் செபம் தொடங்கும். மண் தரையில் முழங்கால் படியிட வேண்டும். சுவரில் சாயக் கூடாது. தூங்கி விழுகிற பிள்ளைக்குத் தலையில் குட்டு. மணி உருட்டும் அதே கையில் மீன் செதிலின் மினுக்கம் ஒட்டியிருக்கும். பிரார்த்தனை முடிந்தபின் இறந்தவர்களின் பெயர்களை அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். கடலோடு போய் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் கடைசியில் வரும். அவர்களுக்குக் கல்லறை கிடையாது, அந்த இடம்தான் கல்லறை. பிறகு பிள்ளைகள் வரிசையாக வந்து தோத்திரம் சொல்ல, அவள் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவாள். சோறு அதற்குப் பிறகுதான்.

பிரசவ அறையிலும் அந்தக் காலத்துப் பெண்களிடம் ஒரு தைரியம் இருந்தது. குழந்தை பிழைக்காது என்று தெரிந்துவிட்டால் குருவானவருக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க நேரமில்லை. அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். ஞான உபதேசத்தில் அதைக் கற்ற பாட்டியோ மருத்துவச்சியோ ஒரு கிண்ணம் தண்ணீரை எடுத்து, பெயர் சொல்லி, தலையில் ஊற்றி, உரிய வார்த்தைகளைச் சொல்லுவாள். பெற்றவள் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். பீடத்தை நெருங்கவே அனுமதி இல்லாத பெண், திருச்சபையின் முதல் அருட்சாதனத்தைத் தன் கையால் கொடுத்தாள். எந்தப் பதிவேட்டிலும் அவள் பெயர் பெரிதாக வந்திருக்காது.

ஆம், கோயிலுக்குள் அவளுக்கு வாய் இல்லை. முக்காடு போட்டு, பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இலத்தீன் பூசை நடக்கும்போது செபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள். பிரசங்கத்தில் நல்ல தாய்க்கு எடுத்துக்காட்டாக அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கம்மாளைச் சொல்லுவார்கள்: அழுதாள், காத்திருந்தாள், மகன் திரும்பினான். அந்த மோனிக்கா மகனைத் தேடிக் கடல் கடந்து மிலான் வரை போனவள்; 387இல் ஒஸ்தியா துறைமுகத்தில் இறப்பதற்குச் சில நாள் முன்பு அவனோடு இறைவனைப் பற்றி ஆழமாகப் பேசியவள். அந்தப் பகுதி பிரசங்கத்தில் அதிகம் வராது. அழுத பகுதி மட்டும் வரும்.

கரையை விட்டு உள்நாட்டுக்கு வந்தால் வேறொரு தைரியம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் மக்கள் பட்டியல் சாதியில் சேர மாட்டார்கள். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் ஆணை திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது மதம் என்ன என்று கேட்பார்கள். ஒரு சொல்லில் பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீடு கைநழுவிப் போகும். அப்படியிருந்தும் கிறிஸ்தவர் என்று எழுதச் சொன்ன தாய்மார்களின் துணிவு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பிள்ளையின் படிப்புக்காக வேறு மாதிரி எழுதிவிட்டு, வீட்டில் ஞானஸ்நானப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தாயையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நெருக்கடியை அவளுக்கு உண்டாக்கியது அவளல்ல. கோயிலில் சாதி பார்த்து உட்காரவைத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

இன்றைய நிலை பல விதங்களில் நல்லது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி தமிழுக்கு வந்தது. 1994இல் சிறுமிகள் பீடத்தில் பூசை உதவி செய்யலாம் என்று ரோமாபுரி தெளிவுபடுத்தியது. வாசகர் பணியையும் பீடப் பணியையும் முறைப்படி பெண்களுக்குத் திறந்துவிட்டு, 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்டத்தையே திருத்தினார். பாட்டி முக்காட்டுக்குள் முணுமுணுத்த இடத்தில் பேத்தி ஒலிபெருக்கி முன் நின்று முதல் வாசகம் வாசிக்கிறாள். அன்பியம் என்ற அக்கம்பக்கத்துச் சிறு குழுக்களின் கூட்டங்களைப் பெரும்பாலும் பெண்கள்தான் நடத்துகிறார்கள். விவிலியத்தைத் திறந்துவைத்து, தெருக்குழாய்த் தண்ணீர் முதல் பக்கத்து வீட்டுச் சண்டை வரை அதன் வெளிச்சத்தில் பேசுகிறார்கள்.

அந்தப் பேச்சு கோயில் முற்றத்தைத் தாண்டியும் போனது. 2011 ஆகஸ்டிலிருந்து இடிந்தகரை லூர்து மாதா கோயிலுக்கு முன் பந்தல் போட்டு, கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். பீடி சுற்றிக்கொண்டே உண்ணாவிரதப் பந்தலில் இருந்தார்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டே செபமும் சொன்னார்கள், முழக்கமும் போட்டார்கள். அணுஉலை பற்றி எந்தக் கருத்து உள்ளவரும், வழக்குக்கு அஞ்சாமல் அவர்கள் உட்கார்ந்திருந்த உறுதியை மறுக்க முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலில் இருந்த குமரி மீனவர்களைத் தேடுமாறு கேட்டு, டிசம்பரில் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்த ஆயிரக்கணக்கானோரிலும் தாய்மார்கள் நிறைய. காணாமற்போனவனின் பெயரைச் செபத்தின் கடைசியில் சேர்ப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அவனைத் தேடுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டார்கள். தாய்வழி வந்த விசுவாசத்தின் நேரான வளர்ச்சியாகவே இதை நான் காண்கிறேன்.

ஆனால் வீட்டுக்குள் நிலைமை வேறு. மாலை ஆறு மணிக்கு டியூஷன், ஏழு மணிக்குச் சீரியல், எல்லா நேரமும் செல்போன். செபமாலை பல வீடுகளில் அக்டோபர் மாதத்துக்கும் மே மாத வணக்கமாதத்துக்கும் சுருங்கிவிட்டது. மகன் துபாயிலும் மகள் சென்னையிலும் இருக்கிற வீட்டில் அம்மா வீடியோ அழைப்பு போட்டு, பாதி மணியில் தொடர்பு அறுந்து, மீதியைத் தனியே முடிக்கிறாள். முன்பு வீட்டுக்கு ஒரு பெண்ணையாவது கன்னியர் மடத்துக்கு அனுப்புவதைப் பெருமையாக நினைத்த ஊர்களில், ஒரே பெண்ணை வைத்திருக்கிற தாய் அந்தப் பேச்சை எடுக்கவே தயங்குகிறாள். அவள் தயக்கம் எனக்குப் புரிகிறது.

இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரியது. பாட்டி சொன்னாள், பிள்ளை சொன்னது. ஏன் என்று கேட்டால் குட்டு. இன்று பிள்ளை கேட்கிறது. கடவுள் நல்லவர் என்றால் 2004 டிசம்பர் 26இல் வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகளை ஏன் கடல் கொண்டுபோனது? சாமியார் தப்பு செய்தால் யாரிடம் சொல்வது? காதலிக்கிறவன் வேறு மதம் என்றால் என்ன செய்வது? இவற்றுக்குச் சின்னக் குறிப்பிடம் என்ற ஞான உபதேசப் புத்தகத்தில் பதில் இல்லை. ‘எனக்கும் தெரியலப்பா, ஆனா நான் விடமாட்டேன்’ என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு தாய்க்கு இன்று எவ்வளவு தைரியம் வேண்டும்! பூசைக்கு வராத மகனிடம் பேச்சை நிறுத்தாமல், அவனுக்குப் பிடித்த குழம்பு வைத்து, அவனுக்காகச் செபிப்பதையும் விடாமல் இருப்பதற்கும் அதே அளவு தைரியம் வேண்டும். குட்டிப் படிய வைப்பதைவிட இது கடினம், உயர்ந்ததும்கூட. பழைய ஒழுங்கு போனதற்காக நான் வருந்துகிறேன். பழைய பயம் போனதற்காக ஒருநாளும் வருந்த மாட்டேன்.

மாறவே மாறாத ஒன்றும் இருக்கிறது. அன்று ஆண் கடலில் இருந்தான், அதனால் செபம் தாயின் தலையில் விழுந்தது. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளிகள் இன்றும் வாரக்கணக்கில் கடலில்தான். அவர்களைச் சொல்லவில்லை. ஆசிரியராக, வங்கி ஊழியராக, கடைக்காரராக மாலையில் வீடு திரும்பி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு டிவி முன் உட்காருகிற அப்பாக்களைச் சொல்கிறேன். பிள்ளை விசுவாசத்தை விட்டுவிட்டால் ‘நீ வளர்த்த லட்சணம்’ என்று மனைவியைக் கேட்பதும் இதே அப்பாக்கள்தான். பங்குத்தளங்களில் ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியர்களை எண்ணிப் பாருங்கள், பெண்களே அதிகம். அன்னையர் நாளில் பூங்கொத்து கொடுத்துப் பாராட்டுவது நல்லதுதான், அது போதாது.

அப்பாமாரே, கடல் இப்போது உங்களைத் தடுக்கவில்லை. இன்று மாலை விளக்கை நீங்கள் ஏற்றுங்கள், முதல் மணியை நீங்கள் சொல்லுங்கள், பிள்ளையின் கேள்விக்கு நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பதில் தேடுங்கள்.